கறுத்த நீரா, தெளிந்த நீரா?

ஆயர் ஈத்தாம் என்றால் மலாய் மொழியில் கறுத்த நீர். பினாங்கிலும் ஓர் ஆயர் ஈத்தாம் உண்டு. இங்கே பேச்சு ஜொகூர் மாநிலத்து ஆயர் ஈத்தாமைப் பற்றியது. ஜொகூர் பாருவிலிருந்து வடக்கே போகும் பழைய சாலையும், பத்து பகாட்டிலிருந்து குளுவாங் வழியாகக் கிழக்குக் கரைக்குப் போகும் சாலையும் வெட்டிக்கொள்ளும் நாற்சந்தி அது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்படும் வரை, சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஓடிய வண்டிகள் இங்கே நின்று இளைப்பாறிப் போவது வழக்கம். சாலையோரத்தில் பூந்தொட்டிகளும் சாடிகளும் அடுக்கிய மட்பாண்டக் கடைகள் பயணிகளுக்கு நன்கு பழக்கமானவை.

நாலு சாலை கூடும் இடத்தில் நாலு விதமான கருத்தும் கூடும். காப்பிக்கடை மேசையில் அறிவியல் பேசப் பட்டம் தேவையில்லை. மருந்து உடம்பைச் சூடாக்கும், புது இயந்திரம் மண்ணைக் கெடுக்கும், கொசு சாக்கடையில்தான் பிறக்கும் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் மலாயாத் தோட்டப்புறத்தின் காய்ச்சல் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். அங்கே போகிற போக்கில் சொல்லப்பட்ட கருத்துகள் ஆயிரக்கணக்கான தமிழர்களின் உயிரோடு சம்பந்தப்பட்டிருந்தன. அவற்றுள் சில தொழிலாளி சொன்னவை, சில துரை சொன்னவை, சில டாக்டரே சொன்னவை.

ஆயர் ஈத்தாமின் இருப்பிடம் இந்தக் கதைக்குப் பொருத்தமானது. மேற்கே பத்து பகாட் பக்கம் தாழ்ந்த, நீர் தேங்கும் கரையோரச் சமவெளி. மக்கிய இலைதழைகளும் கரிச்சதுப்பும் ஊறிய அந்தப் பகுதி நீர், தேயிலைச் சாயம் போலக் கறுத்திருக்கும். கிழக்கே குளுவாங் பக்கம் நிலம் மேடும் பள்ளமுமாக எழும்பத் தொடங்குகிறது. அங்கே ஓடைநீர் தெளிந்து ஓடும். காய்ச்சலைக் கொண்டுவருவது கறுத்த நீரா, தெளிந்த நீரா? இந்தக் கேள்விக்கு விடை காணத் தாமதமானதில் போன உயிர்கள் கொஞ்சமல்ல.

தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை

மலேரியா என்ற சொல்லே ஒரு தவறான கருத்தின் மிச்சம். இத்தாலிய மொழியில் அதற்குக் கெட்ட காற்று என்று பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் ஆவிதான் காய்ச்சலைத் தருகிறது என்று ஐரோப்பாவின் பெரிய மருத்துவர்களே நம்பினார்கள். தமிழர்கள் வைத்த பெயர் இன்னும் கவனமானது. முறைக்காய்ச்சல் என்றார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், அல்லது இரண்டு நாள் விட்டு, முறை வைத்துக்கொண்டு வரும் காய்ச்சல். காரணம் தெரியாது, ஆனால் கணக்கு சரி. நோய்க்கிருமி இரத்த அணுவுக்குள் பெருகி அதை உடைத்துக்கொண்டு வெளியேறும் வேளையில்தான் குளிரும் நடுக்கமும் வருகின்றன. சில வகைக் கிருமிகளுக்கு அது 48 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு வகைக்கு 72 மணி நேரத்துக்கு ஒருமுறை. நுண்ணோக்கி காட்டிய கணக்கும் பாயில் சுருண்டு கிடந்தவனின் கணக்கும் ஒன்றே.

காரணம் என்று வரும்போது எல்லாரும் தண்ணீரைக் கைகாட்டினார்கள். ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்பது கப்பலேறி வந்த தமிழனின் விளக்கம். இதை அறியாமை என்று தள்ளுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெப்பமண்டல மருத்துவத்தின் தந்தை எனப்படும் பேட்ரிக் மேன்சனும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். கொசுவுக்கும் மலேரியாவுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று 1894இல் ரொனால்ட் ரோசுக்கு வழிகாட்டியவர் அவர். ஆனால் அந்தக் கொசு நீரில் விழுந்து செத்து, அந்த நீரைக் குடிப்பவருக்குக் காய்ச்சல் வருகிறது என்பது அவருடைய ஊகம். ரோஸ் அதை நம்பி, கொசு செத்த நீரை ஆட்களுக்குக் குடிக்கக் கொடுத்தும் பார்த்தார். இன்று எந்த மருத்துவமனையும் அனுமதிக்காத சோதனை அது.

சென்னை மாகாணத்து மருத்துவப் பணியில் இருந்த ரோஸ், 1897இல் விடுப்பில் ஊட்டிக்குப் போனார். நீலகிரியின் சீகூர் கணவாயில் காய்ச்சல் அதிகம் என்று கேள்விப்பட்டு ஆராயச் சென்றவர், தாமே மலேரியாவில் விழுந்தார். அதே ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்தராபாத்தில், புள்ளியிட்ட இறகுடைய ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் கிருமியைக் கண்டார். தம்மைக் கடிக்கவிட்ட நோயாளிக்குக் கொசு ஒன்றுக்கு ஓரணா கொடுத்தார் என்பது பதிவாகியுள்ள செய்தி. மறுஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்துச் செய்த ஆய்வில்தான், கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்க் கடி வழியாகப் பரவுவது தெளிவாயிற்று. குடிநீர்க் கருத்து அத்தோடு விழுந்தது. ஆனால் தண்ணீரின் பங்கு போய்விடவில்லை. குடிக்கும் நீரிலிருந்து, கொசு முட்டையிடும் நீருக்குக் குற்றச்சாட்டு இடம் மாறியது.

கிள்ளானில் கிடைத்த வெற்றி

1901ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் கிள்ளானுக்கு வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு ஊரே காய்ச்சலில் கிடந்தது. செப்டம்பரில் பக்கத்திலேயே போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற புதுத் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய கிள்ளான் துறைமுகம்தான் அது. திறந்த கொஞ்ச நாளிலேயே துறைமுக ஊழியர்கள் வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள். கப்பல்காரர்களும் தப்பவில்லை. துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற யோசனைவரை போயிற்று.

கொசுக் கொள்கை பிறந்து மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. அதை நம்பிப் பணம் செலவழிப்பது அன்று சாதாரண முடிவல்ல. இந்தியாவில் லாகூருக்கு அருகே மியான்மீர் படைமுகாமில் 1902இல் தொடங்கிய கொசு ஒழிப்புச் சோதனை சரியாக அமையவில்லை. கொசுவைக் குறைத்துக் காய்ச்சலைக் குறைக்க முடியாது என்று சொல்வதற்குப் பலருக்கும் அது வசதியாகப் போயிற்று. கிள்ளானில் வாட்சன் வேறு வழி கேட்கவில்லை. சதுப்பை வடித்து, காட்டை வெட்டி, பள்ளங்களைத் தூர்க்கச் சொன்னார். சிலாங்கூர் மாநிலத் தலைமை மருத்துவர் டிராவர்ஸ் துணை நின்றார்.

எண்கள் பேசின. 1901இல் கிள்ளான் நகரத்திலிருந்து மருத்துவமனைக்கு வந்த மலேரியா நோயாளிகள் 334 பேர், போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்து 188 பேர். 1905இல் அது முறையே 12, 11 என்று இறங்கியது. காய்ச்சல் தானாகவே குறைந்த காலமாக இருக்கலாமே என்று கேட்பவருக்கும் அதே பட்டியலில் விடை இருந்தது. வேலை நடக்காத மாவட்டத்தின் மற்றப் பகுதிகளில் அதே ஐந்தாண்டில் எண்ணிக்கை 197இலிருந்து 353ஆக ஏறியிருந்தது. பிரிட்டிஷ் பேரரசில் இவ்வளவு துலக்கமான சான்று அதற்குமுன் கிடைத்ததில்லை.

வெற்றிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது சீக்கிரமே பழமொழியாகிவிடும். காட்டை வெட்டு, நீரை வடி, காய்ச்சல் போகும் என்பது துரைமார் வாயில் சுலோகம் ஆயிற்று. ஆய்ந்து கண்ட உண்மை, ஆயாமல் சொல்லும் கருத்தாக மாறியது இங்கேதான்.

மேட்டு நிலத்தில் தலைகீழ்

ரப்பர் விலை ஏறிய ஆண்டுகள் அவை. கரையோரச் சமவெளியில் இடம் நிரம்பி, தோட்டங்கள் உள்நாட்டுக் குன்றுகளில் ஏறின. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் கங்காணிகளின் பின்னால் அந்தக் குன்றுகளுக்கு நடந்தார்கள். காடு வெட்டப்பட்டது. பள்ளத்தாக்குகளில் கால்வாய் எடுக்கப்பட்டது. கிள்ளானில் பலித்த அதே வேலை. ஆனால் காய்ச்சல் குறையவில்லை. காடாக இருந்தபோது இருந்ததைவிட அதிகமாயிற்று. எவ்வளவு நன்றாக வெட்டினார்களோ அவ்வளவு மோசமாயிற்று.

இதை வாட்சன் மூடி மறைக்கவில்லை. அவருடைய உண்மையான பெருமை கிள்ளான் வெற்றியில் இல்லை, இந்தத் தோல்வியை ஆராய்ந்ததில் இருக்கிறது. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளின் வயிற்றைத் தடவி மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று கணக்கெடுத்தார். மலேரியா அடிக்கடி தாக்கிய பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கும். நூற்றுக்கு எத்தனை பிள்ளைக்கு வீக்கம் என்று தெரிந்தால் அந்த லயத்தில் காய்ச்சல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பிறகு பக்கத்து நீர்நிலைகளில் கொசுப்புழுவை அள்ளி எந்த இனம் என்று பார்த்தார்.

விடை இதுதான். சமவெளியில் காய்ச்சலைப் பரப்பியது அனோபிலஸ் அம்ப்ரோசஸ் என்ற கொசு. அதற்கு நிழல் வேண்டும். காட்டு மரத்தடியில் தேங்கிக் கிடக்கும் கறுத்த நீர் அதன் தொட்டில். மரத்தை வெட்டி வெயில் விழவிட்டு நீரை வடித்தால் அது போய்விடும். குன்றுப் பக்கத்துக் கொசு வேறு. அனோபிலஸ் மகுலேட்டஸ் என்று பெயர். அதற்கு வெயில் வேண்டும், தெளிந்த நீர் வேண்டும், அது மெல்ல ஓடினாலும் பரவாயில்லை. ஊற்றுக்கண், கசிவு, சுத்தமாகச் செதுக்கிய கால்வாய் எல்லாம் அதற்குப் பிடித்தமானவை. குன்றுகளில் காட்டை வெட்டியவர்கள் ஒரு கொசுவை விரட்டிவிட்டு அதைவிடக் கொடியதைக் குடியேற்றியிருந்தார்கள்.

இப்போது லயத்துப் பேச்சைத் திரும்ப நினைத்துப் பார்க்கலாம். புது மண்ணைக் கிளறினால் காய்ச்சல் கிளம்பும் என்பது அன்று பரவலாக நிலவிய நம்பிக்கை. தொழிலாளர் மட்டுமல்ல, பழைய துரைமாரும் அதைச் சொன்னார்கள். கொசுக் கொள்கை வந்தபின் அது மூடநம்பிக்கைப் பட்டியலில் சேர்ந்தது. மண்ணிலிருந்து விஷம் எழுகிறது என்ற விளக்கம் தவறுதான். ஆனால் குன்று நிலத்தைத் திறந்தால் காய்ச்சல் வருகிறது என்று கண்டது அப்பழுக்கில்லாத உண்மை. விளக்கம் தவறானதால் கண்டதையும் சேர்த்துத் தூக்கியெறிந்தார்கள்.

இன்னொரு பேச்சும் அப்படித்தான். புது ஆளுக்குத்தான் அதிகம் வரும், பழகினால் போய்விடும் என்றார்கள். உண்மையில் திரும்பத் திரும்பக் காய்ச்சலில் விழுந்து பிழைத்தவருக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் உண்டாகிறது. புதிதாக வந்தவருக்கு அது இல்லை. ஆனால் பழகுவது என்ற சொல்லுக்குள் எத்தனை பேர் பழகும் முன்பே மண்ணுக்குள் போனார்கள் என்ற கணக்கு மறைந்திருந்தது. 1911இல் மலாயாக் கூட்டு மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு 60 பேருக்கு மேல் ஓராண்டில் இறந்தார்கள். இது சராசரி. மோசமான குன்றுத் தோட்டங்களின் எண்ணிக்கை அதைப்போல் பல மடங்கு.

அந்தச் சாவுக்குத் துரைமார் மேசையில் நிலவிய விளக்கம் என்ன? பஞ்சத்தில் அடிபட்ட பலவீனமான ஆட்களைக் கங்காணி பிடித்து வருகிறான், அவர்கள் சுத்தமாக இருப்பதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதுதான். இதில் துளி உண்மை இருந்தது. வந்தவர்கள் ஏழைகள், பலர் மெலிந்தவர்கள். ஆனால் அந்தக் கருத்தின் பயன் வேறு. சாகிறவன் மேலேயே பழியைப் போட்டுவிட்டால் கால்வாய்க்குச் செலவழிக்க வேண்டியதில்லை. வாட்சன் இதற்கு அறநெறி பேசிப் பார்க்கவில்லை, கணக்குப் பேசினார். ஒரு தொழிலாளியைக் கொண்டுவரும் செலவு, அவன் படுத்துக் கிடக்கும் நாளின் நட்டம், மருத்துவமனைச் செலவு எல்லாவற்றையும் கூட்டினால் மலேரியாத் தடுப்பு மலிவு என்று காட்டினார். 1911இல் மலேரியா ஆலோசனை வாரியம் அமைந்தது. அதே ஆண்டு அவருடைய நூலும் வெளிவந்தது. இரக்கம் திறக்காத கதவைக் கணக்கு திறந்ததை வரலாறு கசப்போடுதான் பதிவு செய்கிறது.

குன்றுகளுக்குத் தனிவழி கண்டார்கள். பள்ளத்தாக்கின் ஊற்று நீரைச் சுட்ட மண் குழாய்கள் வழியாக நிலத்துக்கடியில் ஓடவிட்டார்கள். வெளியே தெரியும் நீருக்கு எண்ணெய் தெளித்தார்கள். முதுகில் எண்ணெய்த் தகரத்தைக் கட்டிக்கொண்டு ஓடை ஓடையாக நடந்து தெளித்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். புழு கொசுவாக மாறுவதற்குள் அடுத்த சுற்று வந்துவிட வேண்டும் என்பதால் வாரம் ஒருமுறை. ஒரு வாரம் தவறினால் முந்தைய வாரங்களின் உழைப்பும் வீண். தோட்ட வரலாறு எழுதுபவர்கள் பால்வெட்டுக்காரரை நினைக்கிற அளவுக்கு இந்த எண்ணெய்க்காரரை நினைப்பதில்லை.

ஒரு நாட்டின் விதி இன்னொரு நாட்டுக்குப் பொருந்தாது என்பதற்கு இலங்கை சாட்சி. அங்கே 1934, 35ஆம் ஆண்டுகளில் வந்த மலேரியாக் கொள்ளைநோய் சுமார் 80,000 பேரைக் கொண்டுபோனது. மழையால் வந்ததல்ல அது. மழை பொய்த்து, எப்போதும் நிறைந்தோடும் ஆறுகள் குட்டை குட்டையாக நின்றதால் வந்தது. அந்த நாட்டுக் கொசுவுக்கு ஓட்டம் நின்ற ஆறுதான் பிடிக்கும்.

பெரட்டுக் களத்தில் கொயினா

காலைப் பெரட்டில் பேர் படித்து முடித்ததும் பல தோட்டங்களில் கொயினா கொடுத்தார்கள். வாயில் போட்டுக்கொண்டு, திரும்பியதும் துப்பியவர்கள் பலர். விழுங்குகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருந்தது. தமிழனுக்கு மருந்தின் அருமை தெரியவில்லை என்று அன்று சொன்னார்கள்.

அந்தத் துப்பலையும் கொஞ்சம் ஆராயலாம். கொயினா கடுங்கசப்பு. தொடர்ந்து சாப்பிட்டால் காது இரையும், தலை சுற்றும், வயிறு குமட்டும். இருட்டோடு எழுந்து பால்மரத்துக்குப் போகிறவன், காது இரைய நின்றால் அன்றைய கூலி என்னாவது? கர்ப்பிணிப் பெண்கள் அதைக் கண்டு பயந்தார்கள். அளவு மீறினால் கருவுக்கு ஆபத்து என்பதை மருத்துவமும் மறுக்கவில்லை. இன்னொரு பயமும் இருந்தது. கடும் மலேரியாவில் சிலருக்கு இரத்த அணுக்கள் மொத்தமாக உடைந்து சிறுநீர் கறுத்துப் போகும். கருநீர்க் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். ஊர்ப் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கொயினாவை ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டுச் சாப்பிடுகிறவர்களிடமே அது அதிகம் காணப்பட்டதால், மருந்துதான் சிறுநீரைக் கறுக்க வைக்கிறது என்ற எண்ணம் ஐரோப்பியரிடமும் இருந்தது. எனவே துப்பியவர்கள் எல்லாரும் மூடர்கள் அல்லர். துப்பியதால் இறந்தவர்களும் உண்டு என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொயினா மரத்துக்கும் தமிழ் மண்ணுக்கும் பழைய உறவு உண்டு. தென்னமெரிக்காவின் சின்கோனா மரத்தை 1860களிலேயே நீலகிரியில் அரசாங்கம் பயிரிட்டது. நடுவட்டம் தோட்டத்தில் வேலை செய்தவர்களில் சீனக் கைதிகளும் இருந்தார்கள். பினாங்கு, சிங்கப்பூர் பக்கத்திலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். மலாயாவிலிருந்து சீனர் நீலகிரிக்குப் போய் மருந்து மரம் வளர்த்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து தமிழர் மலாயாவுக்கு வந்து அந்த மருந்தை விழுங்கினார்கள். பேரரசின் கொடுக்கல் வாங்கல் அப்படி. பின்னாளில் ஜாவாத் தோட்டங்கள் எல்லாரையும் முந்திக்கொண்டு உலகக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்கைத் தந்தன.

1942 ஜனவரியில் யோங் பெங், ஆயர் ஈத்தாம் வழியாகப் பிரிட்டிஷ் படை பின்வாங்கியது. சிங்கப்பூர் பிப்ரவரியில் வீழ்ந்தது, ஜாவா மார்ச்சில். உலகத்தின் கொயினா ஜப்பானியர் கையில் இருந்தது. ஆனால் தோட்டத்து லயங்களுக்கு வந்து சேரவில்லை. எண்ணெய் தெளிக்க ஆள் இல்லை, எண்ணெயும் இல்லை. மண் குழாய்கள் அடைத்துக்கொண்டன. நாற்பதாண்டு உழைப்பு மூன்றரை ஆண்டில் தளர்ந்தது. தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்களைக் கொன்ற நோய்களில் காலராவுக்குப் பக்கத்தில் மலேரியாவும் நின்றது.

கூரை ஏன் இற்றுப்போனது?

போருக்குப் பின் டிடிடி வந்தது. வீட்டுச் சுவரில் அடித்துவிட்டால் வந்து உட்காரும் கொசு சாகும். இனிக் கொசுவின் இனம் பார்க்க வேண்டாம், ஓடை ஓடையாக நடக்க வேண்டாம் என்ற உற்சாகம் உலகெங்கும் பரவியது. மலேசியாவில் 1967இல் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இலங்கையில் 1963இல் நோயாளிகள் 17 பேர் என்ற அளவுக்குக் குறைந்தார்கள். மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். 1968, 69இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மறுபடி படுத்தார்கள். போய்விட்டது என்பதும் ஒரு கருத்துதான்.

மருந்தடிப்பவர்களுக்கு மக்கள் எப்போதும் கதவைத் திறந்துவிடவில்லை. வட போர்னியோவில், அதாவது இன்றைய சபாவில், கம்பத்து மக்கள் ஒரு குறை சொன்னார்கள். இந்த மருந்து அடித்தபின் அத்தாப்புக் கூரை சீக்கிரம் இற்றுப்போகிறது என்றார்கள். மருந்து ஓலையை அரிக்குமா என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். நல்ல வேளையாகச் சிலர் கூரையைப் பிரித்துப் பார்த்தார்கள். 1963இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் விளக்கம் வெளிவந்தது. ஓலையைத் தின்னும் ஒரு வகை அந்துப்பூச்சியின் புழு கூரையில் எப்போதும் உண்டு. அந்தப் புழுவைக் கொன்று கட்டுக்குள் வைத்திருந்தது ஒரு சிறு குளவி. டிடிடியில் குளவி செத்தது. ஓலைக்குள் ஒளிந்த புழு பிழைத்துப் பெருகியது. கூரை விழுந்தது. மருந்து ஓலையை அரிக்கவில்லை. ஆனால் மருந்தால்தான் கூரை போனது.

போர்னியோவைப் பற்றிய இன்னொரு கதை உலகமெல்லாம் சுற்றியது. டிடிடியால் பூனைகள் செத்து, எலி பெருகி, பாராசூட்டில் பூனைகளை இறக்கினார்களாம். 1960இல் சரவாக்கின் உட்பகுதிக்கு விமானத்திலிருந்து சில பூனைகள் இறக்கப்பட்டது உண்மை. இருபது சொச்சம் பூனைகள் சிலர் வாயில் 14,000 ஆனது பேச்சின் மகிமை. காப்பிக்கடை மேசையில் மட்டும்தான் எண்கள் வீங்கும் என்பதில்லை, பாடப் புத்தகத்திலும் வீங்கும்.

காட்டுக்காய்ச்சல் திரும்பிய கதை

முறைக்காய்ச்சலுக்குத் தோட்டப்புறத்தில் இன்னொரு பெயர் காட்டுக்காய்ச்சல். காட்டில் என்ன காய்ச்சல், கொசுவில்தான் காய்ச்சல் என்று திருத்திச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் திருத்தமும் முழுமையானதல்ல என்று பிறகு தெரிந்தது.

1965இல் பகாங் காட்டில் நில அளவை வேலை பார்த்த ஓர் அமெரிக்கர் ஊர் திரும்பியதும் காய்ச்சலில் விழுந்தார். அவர் இரத்தத்தில் இருந்தது குரங்குகளுக்கு வரும் மலேரியாக் கிருமி, பிளாஸ்மோடியம் நோலெசி. குரங்கு மலேரியா இயற்கையாக மனிதனுக்கு வந்ததற்கு அதுவே முதல் சான்று. 1971இல் இரண்டாவதாக ஒருவர், அநேகமாக அதே கிருமிதான் என்று பதிவானது ஜொகூரில். இவை அபூர்வம் என்று அப்படியே விட்டார்கள். 2004இல் சரவாக்கின் கப்பிட் பகுதியில் பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ் சிங் ஆகியோரின் குழு 208 மலேரியா நோயாளிகளின் இரத்தத்தை மரபணு முறையில் சோதித்தது. அவர்களில் 120 பேருக்கு இருந்தது குரங்கு மலேரியா. நுண்ணோக்கியில் அது வேறொரு சாதுவான வகைபோலத் தெரிந்ததால் இத்தனை காலம் பெயர் மாற்றி எழுதி வந்திருக்கிறார்கள். இது சாதுவும் அல்ல. மற்ற வகைகள் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பெருகினால் இது 24 மணி நேரத்தில் பெருகும். கவனிக்காவிட்டால் உயிரைக் குடிக்கும்.

2018இல் மலேசியாவில் உள்நாட்டிலேயே பரவிய மனித மலேரியா ஒருவருக்குக்கூட வரவில்லை. வாட்சன் காலத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் அதே ஆண்டு குரங்கு மலேரியா ஆயிரக்கணக்கானோருக்கு வந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் காட்டிலும் காட்டோரத் தோட்டத்திலும் வேலை செய்தவர்கள். அந்தக் காய்ச்சலைப் பரப்பும் கொசு காட்டுக் கொசு. கிருமி தங்கியிருப்பது காட்டுக் குரங்கில். காட்டுக்காய்ச்சல் என்ற பழைய பெயரை இனிக் கொச்சை என்று தள்ள முடியாது.

மலேரியா விட்ட இடத்தைப் பட்டணங்களில் டெங்கி பிடித்துக்கொண்டது. 1973, 74இல் அது நாடெங்கும் பெரிதாகப் பரவியபின், கொசு வளரும் வீட்டுக்காரருக்குத் தண்டம் விதிக்க 1975இல் சட்டம் வந்தது. டெங்கி பற்றியும் காப்பிக்கடையில் கருத்துக்குப் பஞ்சமில்லை. பப்பாளி இலைச் சாறு கேட்கும் என்றார்கள். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தினர் அதைச் சோதித்து, சாறு குடித்தவர்களுக்கு இரத்தத் தட்டணு சற்று விரைவாக ஏறியதை 2013இல் வெளியிட்டார்கள். உயிரைக் காக்குமா என்பது வேறு கேள்வி. அந்த ஆய்வு அதைக் காட்டவில்லை. ஆனாலும் சிரித்துத் தள்ளாமல் சோதித்தார்கள்.

கொசு சாக்கடையில் பிறக்கிறது, நகராட்சிதான் பொறுப்பு என்ற கருத்து மட்டும் இன்னும் அசையவில்லை. டெங்கிக் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. குன்றுத் தோட்டத்து மகுலேட்டசைப் போலவே அதற்கும் தெளிந்த நீர்தான் வேண்டும். ஆனால் ஓடையும் ஊற்றும் தேவையில்லை. வாளி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டியின் அடித்தட்டு போதும். ஆயர் ஈத்தாம் சாலையில் வாங்கிய தொட்டி எத்தனையோ வீட்டு வாசலில் நிற்கிறது. மழை பெய்த மறுநாள் அதன் தட்டில் நிற்கும் நீர் கண்ணாடிபோல் இருக்கும். அது கொசுவாகப் பறக்க ஒரு வாரம் போதும்.